இணைச்சீரில் தப்பி அடித்த மேளம்

போன வருடம் என்னோடு முன்பு வேலை பார்த்த டிரைவர் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்று என்று கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. நான் பார்க்கப் போனபோது ஆள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் பிளாஸ்திரி. தொப்புளுக்குக் கீழே மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கட்டு. துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே கெட்ட துண்டை வெட்டி எடுத்து, குடலைத் திரும்ப ஒட்டிவிட்டார்களாம். "ஒண்ணும் பெருசாத் தெரியலீங்க. பல்லுப் புடுங்குனப்பத்தான் எச்சா வலிச்சுது" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரே எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த வித்தை இத்தனை காலம் கழித்து வந்து என் அக்காவுக்கு என்ன பிரயோஜனம்?

அக்காவுக்கு அந்த நோய் வந்தது எழுபதுகளின் நடுவில். நான் அப்போது கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மெதுவாகப் பேசத் தெரியாது எனக்கு. பஸ்ஸில் கத்திக் கத்தி வீட்டில் உப்புக் கேட்பதும் டிக்கெட் கேட்பது மாதிரியே இருக்கும் என்று அம்மா திட்டுவாள். அப்பா முன்னமே போய்விட்டார். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவளைப் பக்கத்து ஊரில், கிணறு வெட்டும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் பாறையில் குழி போட்டு, வெடிமருந்தைத் திணித்துக் கிட்டித்து, வேட்டு வைத்துக் கிணறு ஆழப்படுத்துகிறவர். எங்கள் பக்கம் தண்ணீர் வேண்டுமென்றால் பாறையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அந்த வேட்டுச் சத்தத்தில் அவருக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. நல்ல மனிதர். பேசுவதற்கு மட்டும் கூலி கேட்கிறவர் மாதிரி வாயே திறக்க மாட்டார்.

அக்காவுக்கு முதலில் ரத்தம் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் அந்த மாதிரி விஷயத்தை எல்லாம் வாய்விட்டுச் சொல்வார்களா? அம்மா எப்படியோ கண்டுபிடித்து ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிட்டாள்: சூடு. பாறைக்காட்டில் குடியிருக்கிறாள், வெயிலில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சுடுகல் மேல் உட்காருகிறாள், மூலச்சூடு வராமல் என்ன செய்யும்? அவ்வளவுதான், ஊரே வைத்தியரானது. துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொன்னார்கள். வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு. சந்தை நாளில் நானே நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி, டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுபோய் அவள் ஊர் நிறுத்தத்தில் இறக்கிவைப்பேன். அக்கா வந்து எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிறுத்திருப்பாள். கடைசியில் கை வளையல் முழங்கை வரை ஏறி நின்றது. "சூடு கொறையுதா?" என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அவள் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

ஒருநாள் வெளிக்குப் போவதே நின்று, வயிறு உப்பி, தண்ணீர் குடித்தாலும் வாந்தி என்றானது. மச்சான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் பஸ்ஸை மறித்தார். பாலக்காடு ஆசுபத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு வயதான டாக்டர், கையுறை போட்டுச் சோதித்தார். நிமிடம்கூட ஆகவில்லை. "இது மூலக்குரு அல்ல" என்று மலையாளத்தில் சொன்னார். மூலம் என்று யார் சொன்னது என்று கேட்டார். ஊரே சொன்னது என்றேன். அவர் திட்டவில்லை. கோயமுத்தூரில் பெரிய சர்ஜன் இருக்கிறார், இப்போதே கிளம்புங்கள் என்றார். டாக்ஸி பிடித்துப் போனால் வாளையார் செக்போஸ்டில் லாரி வரிசை. நான் இறங்கி ஓடி, ஒவ்வொரு லாரிக்காரனிடமும் தொண்டை கிழியக் கத்தி, வண்டியை ஒதுக்க வைத்தேன். என் குரலால் அக்காவுக்கு உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, புற்று என்று உறுதியானது. சர்ஜன் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கட்டி ரொம்பக் கீழே இருக்கிறது. அந்தப் பகுதியை அடியோடு எடுத்துவிட வேண்டும். கீழ் வழியைத் தைத்து மூடிவிட்டு, மிச்சக் குடலின் முனையை இடது பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். இனிமேல் காலம் முழுக்க அதுதான் வழி. அக்கா தலையைக் குனிந்தபடி கேட்டாள்: "அடக்க முடியுமுங்களா?"

"முடியாதும்மா. அது பாட்டுக்கு வரும். காத்தும் வரும், சத்தமும் வரும். ஆனா நீ இருப்பே" என்றார் அவர்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. மச்சான் வராந்தாவில் தூணோடு தூணாக நின்றார். வெற்றிலைகூடப் போடவில்லை. சர்ஜன் வெளியே வந்து, எல்லாம் எடுத்தாகிவிட்டது, நல்லபடியாக இருக்கிறாள் என்று சொன்னதும், மச்சான் கேட்டது ஒரே கேள்வி.

"சோறு திங்கலாமுங்களா அவ?"

"எல்லாம் திங்கலாம். கொஞ்ச நாள் போகட்டும்."

அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். துண்டை வாயில் திணித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எங்களைப் பார்த்து ஆசுபத்திரியே பயந்துபோனது, ஆள் போய்விட்டதாக நினைத்து.

அக்காவின் வயிற்றில் மேலிருந்து கீழ் வரை ஒரே தையல். பின்னால் இன்னொரு புண். உட்கார முடியாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். இடது பக்கம் செம்பருத்தி மொட்டு நிறத்தில் குடல் முனை. முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நர்சம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சுற்றிலும் தோல் வெந்துபோகாமல் களிம்பு தடவ வேண்டும், வெங்காயம், முட்டைக்கோசு, மொச்சை கொஞ்சம் குறைக்க வேண்டும், முக்கியமாகப் பட்டினி கிடக்கக் கூடாது, வெறும் வயிற்றில்தான் காற்று அதிகம் சேரும், சத்தமும் அதிகம். இதையெல்லாம் மச்சான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நல்ல காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டார்.

இப்போது அதற்கென்றே ஒட்டிக்கொள்ளும் பைகள் வந்துவிட்டன. அன்றைக்கு எங்களுக்கு யார் கொடுப்பார்? மச்சான்தான் ஒன்று செய்தார். சைக்கிள் ட்யூபை வெட்டி வளையம் செய்து, ஜவுளிக்கடைப் பாலிதீன் பையின் வாயை அதில் மடித்துக் கோர்த்து, அகலமான நாடாவால் இடுப்போடு கட்டிவிடுவார். அழுத்தினால் புண்ணாகும், தளர்ந்தால் கசியும். கிணற்றுக்குள் வெடிமருந்து கிட்டிக்கிற கை. அது எவ்வளவு மெதுவாக அந்த நாடாவை முடிபோடும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அக்கா முதலில் கூசிக் குறுகினாள். பிறகு பழகிக்கொண்டாள்.

அக்கா வீடு திரும்பிய அடுத்த வாரமே மச்சான் வேலைக்குப் போனார். வேலையிலிருந்து வந்து, வலது காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டு கிட்டத்தில் வெடித்துவிட்டது, இதுவும் அடைத்துப்போச்சு என்றார். அக்கா எதைச் சொன்னாலும் "என்னது?" என்று கேட்டார். பாவம் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதென்றால் எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் கத்துவதுதான். என்னைச் சொல்லவே வேண்டாம். நான் "மச்சான்!" என்று கூப்பிட்டால் தென்னை மரத்திலிருந்து காக்கை பறக்கும். அவர் மட்டும் மெதுவாகத் திரும்பி, என் வாயையே பார்ப்பார்.

அக்காவுக்கு இதில் ஒரு நிம்மதி இருந்தது. என்னிடமே சொன்னாள். வயிறு நேரங்கெட்ட நேரத்தில் பேசும், சில சமயம் பொறுமிக்கொண்டு, சில சமயம் பெரிய ஏப்பம் மாதிரி. பெற்ற பிள்ளைகள் முன்னால்கூட அவளுக்குக் கூச்சம்.

"உங்க மச்சாங்கிட்ட மட்டுந்தாங் கண்ணு நான் பயமில்லாம இருக்கறது. அவுங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே. சாமி ஒரு கையில புடுங்கி இன்னொரு கையில குடுத்துருச்சு" என்றாள்.

உடம்பு தேறியது. சோறு தின்றாள், சதை போட்டாள், களை எடுக்கப் போனாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயமுத்தூர் போய்க் காட்டி வந்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் சர்ஜன். ஆள் பிழைத்தாயிற்று, இனி என்ன என்று நாங்கள் இருந்தோம்.

அப்போதுதான் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அக்காவும் போயிருந்தாள். பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஆசாரி ஊசியை எடுத்துக் குழந்தையின் காதருகே கொண்டுபோனார். குழந்தை பயந்துவிடக் கூடாது என்று எல்லோரும் கம்மென்று இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்காவின் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு பெரியவர்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். அக்கா எழுந்து, கும்பிடு போட்டுவிட்டு, விருந்தும் உண்ணாமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. நோம்பிக்குக்கூடக் கோயில் பக்கம் வரவில்லை. என் பஸ்ஸிலும் ஏறுவதில்லை. அந்தச் சிரித்தவர்கள் என் பஸ்ஸில் வந்தால் நான் மிச்சச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் சீட்டில் போட்டுவிட்டுப் போவேன். வேறு என்ன செய்ய?

இப்படி இருக்கும்போது எனக்குப் பெண் பார்த்து முடிவானது. பெண் வேலந்தாவளம் பக்கம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையைக் கொசுவி, ஒரு முனையை மாப்பிள்ளையிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒருத்தி புதிதாக வரப்போகிறாள், ஆனாலும் கூடப் பிறந்தவளின் இடம் அவளுக்கு உண்டு என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. ஒரே அக்கா இருக்கும்போது அந்த இடம் அவளுடையது. சின்ன வயதிலிருந்தே என்னோடு சண்டை வந்தால், "இருடா, இணைச்சீருக்கு என்ற கால்ல வந்து உழுவியல்லொ, அன்னைக்குப் பாத்துக்கறேன்" என்பாள்.

அந்த அக்கா, நான் தேதி சொல்லப் போனபோது, "பெரியப்பா மகளை உக்கார வைச்சுக்க தம்பி" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எதுக்கு என்று கத்தினேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். இணைச்சீரின்போது வாழ்த்துப் பாட்டுப் பாடுவார்கள். பாடுகிறவர் நீட்டி நீட்டிப் பாடுவார், நாதஸ்வரமும் தவிலும் நின்றிருக்கும். அடி முடிகிற இடத்தில் மட்டும் தவிலில் ஒரு தட்டு. மற்றபடி பந்தலே அமைதியாக இருந்து கேட்கும். அந்த அமைதிதான் அவள் பயம். அத்தனை ஒறம்பரை சனத்துக்கும் நடுவில், பெண் வீட்டார் முன்னால், வயிறு சத்தம் போட்டால்?

"என்னையப் பாத்துச் சிரிச்சாக்கூட நான் பொறுத்துக்குவேன். உன்ற கண்ணாலத்தைப் பாத்துச் சிரிச்சாங்கன்னா என்னால தாங்க முடியாது சாமி" என்றாள்.

அம்மாகூட, போகட்டும் விடு, அவளை வதைக்காதே என்றாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சாவின் வாயிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது எதற்கு? மூலையில் உட்கார வைக்கவா? "நீ உக்காரலீன்னா இந்தக் கண்ணாலமே வேண்டாம், பொண்ணூட்டுக்கு நானே போயிச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினேன். வாசலில் மச்சான் உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும், "நீங்களாச்சும் சொல்லக்கூடாதுங்களா மச்சான்!" என்று கத்தினேன். "என்னது?" என்றார். போய்யா என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். சரி, உட்காருகிறேன் என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே அக்கா சோற்றை நிறுத்திவிட்டாள். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்பது அவள் கணக்கு. நர்சம்மா சொன்னதை எல்லாம் மறந்துவிட்டாளா, அல்லது பயம் மறக்கடித்துவிட்டதா, தெரியாது. முகூர்த்த நாள் காலையில் மச்சான் தட்டில் இட்லியோடு வந்து நின்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் இன்னொரு தரம் நீட்டினார். "வேண்டாமுங்க! பேசாமக் கொண்டுட்டுப் போங்க!" என்று அவர் காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னாள். அவர் தட்டை வைத்துவிட்டு, மேளக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்த பக்கம் போனார்.

பந்தலில் மணைமேல் நான். பக்கத்தில் அக்கா, புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து. அவளுக்குப் பலகையில் நேராக உட்கார முடியாது என்று மச்சான் முன்னமே ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டிருந்தார். கூறைப்புடவையின் ஒரு முனை என்னிடம், ஒரு முனை அவள் வலது கையில். அவள் இறுகப் பிடித்திருந்ததில் புடவை விறைத்து நின்றது. வாழ்த்துப் பாடுகிற பெரியவர் தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். முதல் அடி முடிந்தது. தவிலில் ஒரு தட்டு. பந்தல் கம்மென்று இருந்தது.

இரண்டாவது அடி பாதிகூட ஆகவில்லை. தவில் தடதடவென்று அடித்தது. பாடுகிறவர் திகைத்து நிறுத்தினார். தவில்காரரை முறைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். ஒரு அடி ஒழுங்காகப் போயிற்று. அடுத்த அடியில், நடுவிலேயே, மறுபடியும் தடதட. கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க, காலையிலயே ஊத்திக்கிட்டானாட்ட இருக்குது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கல்யாணத்துக்கென்று தேடிப் பிடித்து வந்திருக்கிறார்களே இவரை! மணையிலிருந்து எழ முடியாது, கத்தவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தவில்காரரையே பார்த்தேன்.

அவருக்குப் பின்னால் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஒரு கை தவில்காரர் தோளில். கண் எங்கள் பக்கம். என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த அந்தக் கை மெல்ல நகர்ந்து வயிற்றின் இடது பக்கம் போயிற்று. மச்சான் தோளில் ஒரு அழுத்து அழுத்தினார். தவில் தடதடவென்று முழங்கியது. அந்த முழக்கத்துக்கு உள்ளே, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும், அக்காவின் வயிறு சத்தம் போட்டது கேட்டது. முழக்கம் நின்றபோது வயிறும் நின்றிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. தலையை நிமிர்த்தி மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டினி வயிறு சும்மா இருக்குமா? பாட்டு முடிவதற்குள் எத்தனையோ தடவை பேசியது. ஒவ்வொரு தடவையும் கை போனது, தோள் அழுந்தியது, தவில் விழுந்தது. பாடுகிற பெரியவரும் ஓய்ந்துபோய், என்னமோ செய்து தொலையுங்கள் என்று மேளத்துக்கு மேளம் நிறுத்தி நிறுத்திப் பாடி முடித்தார். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. தவில்காரரைப் பார்த்துச் சிரித்தது. அந்த மனிதரும் அதை வாங்கிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் கடைசிவரை கடமைப்பட்டவன்.

தாலி கட்டியானதும் அக்கா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"தம்பி, கை போனா சத்தம் வரும்னு அந்த மனுசனுக்கு எப்படீடா தெரியும்?"

"எந்த மனுசனுக்கு?" என்றேன்.

"காது கேக்காதவனுக்கு அது எப்படீடா தெரியும்? என்ற கை போறது எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவுங்களுக்கு எல்லாம் கேட்டிருக்குதுடா. இத்தனை நாளும், அத்தனையும் கேட்டிருக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வலது காதுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எந்த வேட்டும் கிட்டத்தில் வெடிக்கவில்லை. அக்கா வீடு திரும்பிய அடுத்த வாரமே அவர் தன் காதைத் தானே அடைத்துக்கொண்டுவிட்டார். ஊரெல்லாம் செவிடன் என்றது, பிள்ளைகள் கத்தினார்கள், நான் கத்தினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு "என்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். போய் அவர் காலில் விழுந்துவிடலாம் என்று கதவைத் திறக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தாள்.

"சொல்லிப்போடாத சாமி. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவுங்களுக்குத் தெரிய வேண்டாம். இப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இட்லி இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் வெளியே வந்தேன். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் கிணற்றடியில் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். சுற்றிலும் யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, காற்றுப் போகிற சத்தத்தில், "மச்சான்" என்றேன்.

திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான் திரும்பியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையை வேட்டியில் துடைத்தார்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாப்ளே" என்றார். "கேக்காதுன்னுதான் அவ நல்லாத் தூங்கறா."

அதற்குள் அக்கா ஒரு கையில் இட்லித் தட்டோடு கதவருகே வந்து நின்றாள். பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "ஏனுங்க! சாப்புட வாங்க!" என்று கத்தினாள். மச்சான் அசையவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி, கெஞ்சுகிற மாதிரி என் கண்ணையே பார்த்தார்.

நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழிய, "மச்சான்! அக்கா கூப்புடறாங்க!" என்று கத்தினேன். அவர் மெதுவாகத் திரும்பி, "என்னது?" என்றார். அக்காவும் மச்சானும் அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் இருந்தார்கள். அவர் சாகும்வரை நான் அவரிடம் ஒரு வார்த்தைகூட மெதுவாகப் பேசியதில்லை.